முன்னே போன குடை

நலம் சூழ்க. கடல் வாழ்க, கடல் தொடும் கானல் வாழ்க, கானல் காக்கும் கோல் வாழ்க.

முத்தும் உப்பும் குறையாத கானற்றுறை நாட்டின் அரசியார், எழுபது மரக்கலம் உடையவர், அலைவாய்க் காவலர், வழக்கைக் கேட்டு முடித்த பின்னரே உணவில் கை வைப்பவர் என்று எட்டு நாடும் புகழும் கானற்பெருந்தேவியாரின் திருமுன்புக்கு, மேழிக்குன்ற நாட்டு வேந்தர் பெருவிறற் சேந்தனார் வாய்மொழி ஆணையால், அந்நாட்டு முதுமந்திரி ஆலவன் பூதனார் எழுதி அரக்கிட்டு விடுக்கும் ஓலை.

இதைப் பிரித்தவர்கள் முதலில் ஒன்று அறிக. இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. மேழிக்குன்றத்தின் மேல் ஆணை. அரச முத்திரையின் மேல் ஆணை. எழுதியவரின் வாயில் இன்னும் எஞ்சி நிற்கும் நான்கு பற்களின் மேலும் ஆணை. ஒரு சொல் பிசகினாலும் அந்த நான்கும் உதிர்ந்து, இனி உள்ள காலமெல்லாம் அவர் கஞ்சியே குடித்துக் கிடக்கட்டும்.

தேவியார் விடுத்த இரண்டு ஏடுகளும் கருவாட்டுக் கூடையும் நலமாக வந்து சேர்ந்தன. கருவாட்டின் மணம் அவையில் இன்னும் இருக்கிறது.

முதல் ஏட்டில், தங்கள் படைத்தலைவர் மறைந்துவிட்டார் என்றும், அவ்விடத்துக்கு மூவர் முட்டி மோதுகிறார்கள் என்றும், நல்ல தலைவனுக்கு வேண்டிய இயல்புகள் யாவை என்று மேழிக்குன்ற வேந்தரைக் கேட்டுத் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அது படிக்கப்பட்டபோது எங்கள் அரசர் அரியணையை விட்டு எழுந்து, அவையின் நடுவே இருமுறை நடந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உரைக்கத் தொடங்கினார். தலைவன் எனப்படுவோன் நெடியவனாக இருத்தல் வேண்டும் என்றார். தோள் அகன்று, மீசை வலப்பக்கம் மட்டும் சற்றே மேலேறி நிற்பது நன்று என்றார். குரல் முழங்க வேண்டும். வழி தெரியாவிட்டாலும் தெரிந்தவன் போலவே நடக்க வேண்டும். தவறு தன்னுடையதே ஆனாலும் அதை ஒருநாளும் ஏற்கக் கூடாது என்றார். அவையோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏனெனில் மேழிக்குன்றத்தில் அப்படி ஒரு மீசை ஒருவருக்குத்தான் உண்டு.

அதன்பின் இரண்டாம் ஏடு படிக்கப்பட்டது; அதில் தேவியார் சொல்லியது இது: கள்ளிமேட்டுக் கோட்டையை வாளை உறையிலிருந்து எடுக்காமலே வென்ற உங்கள் குடைக்காரர் நொச்சியனைப் பற்றி எங்கள் துறைமுகத்தில் மீன் விற்பவர்களும் பேசுகிறார்கள். அவரையும் அவர் ஏந்திய வெண்குடையையும் எங்களுக்குத் தந்தால், மூவரையும் தள்ளிவிட்டு அவரையே தலைவராக்குவோம் என்று எழுதியிருந்தீர்கள்.

அரசர் உட்கார்ந்துவிட்டார்.

“மந்திரியாரே, மீன் விக்கிறவங்க கூடவா?” என்று கேட்டார்.

ஆம் என்று மந்திரி மறுமொழி கூறினார்.

“என்னைப் பத்தி அவங்க என்ன பேசுறாங்களாம்?”

ஓலையில் அது எழுதப்படவில்லை என்று மந்திரி கூறினார்.

அன்று தொடங்கி ஒன்பது நாள் அரசருக்கு உணவு இறங்கவில்லை. அவருடைய இக்கட்டைத் தேவியார் உள்ளபடி உணர வேண்டும். நொச்சியனைத் தங்களிடம் அனுப்பினால், அவன் எழுபது கலத்துக்குத் தலைவனாகிவிடுவான்; நாளை இங்கு விருந்துக்கு வந்தால் அரசர் எழுந்து நின்று வரவேற்க வேண்டும்; அவனுக்கு ஓலை எழுதினால் தொடக்கத்திலேயே பன்னிரண்டு பட்டப்பெயர் போட வேண்டும். அனுப்பாமல் வைத்துக்கொண்டால், அவன் இங்கேயே, அரசரின் பிடரிக்குப் பின்னால், ஒரு முழ இடைவெளியில், நாள்தோறும் நின்றுகொண்டிருப்பான். கொடுக்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் மனமில்லை. இந்த நெருப்பு எப்படிப் பற்றியது என்பதைச் சொன்னால்தான் கீழே வரும் ஆணை விளங்கும்.

எங்கள் அரசரின் தந்தையார் இரண்டு வெண்குடைகளை விட்டுச் சென்றார். இரண்டும் ஒரே அளவு, இரண்டும் போதுமான அளவு. சேந்தனார் பட்டமேறிய ஆண்டில் வடபுலத்து வேந்தர் ஒருவரின் திருமணத்துக்குப் போனார். அவ்வேந்தரின் குடை தம்முடையதைவிட ஒரு சாண் அகலம் என்பதைப் பந்தியில் அமர்ந்தபோது கண்டார். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். திரும்பி வந்த அன்றே இரண்டு குடைகளையும் பிரித்து, அவற்றோடு இன்னும் நாற்பது குடைக்கு வேண்டிய துணியும் கம்பும் சேர்த்து, ஒன்றாகத் தைக்கச் சொன்னார்.

அந்தக் குடையின் அளவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதால் குறைத்தே சொல்லப்படுகிறது. அதன் நிழலில் முந்நூறு பேர் பந்தியில் அமர்ந்து உண்ணலாம். கடைசி வரிசைக்கு மட்டும் இலையின் நுனி வெயிலில் கிடக்கும். மழைக்காலத்தில் அதன் உச்சியில் விழுந்த துளி விளிம்புக்கு வந்து சொட்ட மறுநாள் ஆகும். அதன் மேல் கூடு கட்டிய காக்கைகள் இரண்டு, ஆறு ஆண்டுகள் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

இதைத் தாங்கியவன் நொச்சியன். பன்னிருவர் சுற்றிலும் கயிறு பிடித்தார்கள் என்றாலும் காம்பு அவன் கையில்தான். ஆள் குள்ளம். தோள் ஒடுக்கம். மீசை கிடையாது, வளர்த்துப் பார்த்தும் வரவில்லை என்று அவனே சொல்வான். குரல் பக்கத்தில் இருப்பவனுக்கே பாதிதான் கேட்கும். முப்பது ஆண்டுகளாக அரசரின் பின்னால் நடந்து நடந்து, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, யார் தலையில் விழுகிறது என்பதைத் தவிர வேறொன்றையும் பார்த்தறியாதவன்.

மூன்றாண்டுகளுக்கு முன் கள்ளிமேட்டார் எங்கள் எல்லைப் புல்வெளியில் மாடுகளை ஓட்டி வந்து மேய்த்துக்கொண்டு, கேட்கப் போனவர்களைக் கல்லால் அடித்தார்கள். படை எடுப்பது என்று முடிவாயிற்று. எங்கள் நாட்டு வழக்கம் இது: நாட்கணியர் குறித்துக் கொடுத்த நல்ல வேளையில் அரசர் உடனே புறப்பட முடியாவிட்டால், அவருக்குப் பதிலாக அவருடைய குடையை முன்னே அனுப்பிவிட வேண்டும். குடை புறப்பட்டால் அரசர் புறப்பட்டதாகவே பொருள். குடை நடந்தால் படையும் பின்னே நடக்க வேண்டும். பகைவர் எல்லையைத் தொடாமல் குடை திரும்பினால் போர் தோற்றதாகிவிடும்.

நல்ல வேளை வந்தபோது அரசருக்குத் தலைப்பாகை கட்டி முடியவில்லை. அது இடப்பக்கம் சாய்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஆகவே குடை முன்னே போகட்டும் என்றார். முரசு முழங்கிற்று, கொம்பு ஊதிற்று, நொச்சியன் காம்பை எடுத்தான், ஆயிரம் பேர் பின்னே போனார்கள். அரை நாழிகை கழித்துத் தலைப்பாகை நேராயிற்று. அரசர் வாளை இடையில் செருகிக்கொண்டு, முழங்கிய குரலில் புறப்பாட்டை அறிவித்து, அரண்மனை முகப்பில் ஒரு காலைத் தூக்கினார்.

அப்போது முதுகாவலர்கள் குறுக்கே விழுந்தார்கள். குடையில்லாமல் வேந்தர் தலையில் வெயில் படுவது எங்கள் நாட்டில் நூற்று நாற்பது ஆண்டுகளாக இல்லை.

“இன்னொரு குடையைக் கொண்டு வா!” என்றார் அரசர்.

இன்னொரு குடை முதல் குடைக்குள் தைக்கப்பட்டிருந்தது. முதல் குடை ஊர் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தது. தந்தையார் ஏன் இரண்டு வைத்திருந்தார் என்பது மேழிக்குன்றத்தில் அன்றுதான் எல்லோருக்கும் விளங்கிற்று. தூக்கிய காலை அரசர் மெதுவாக உள்ளே வைத்துக்கொண்டார்.

அதுமுதல் அரசர் முகப்பிலேயே நாற்காலியைப் போட்டு அமர்ந்து, படையிலிருந்து செய்தி வருவதைப் பார்த்திருந்தார். செய்தி கொண்டு வந்தவன் தாமன் என்னும் ஓட்டத்தூதன். ஐம்பது வயதிலும் காற்றைவிட முந்தி ஓடுபவன். புறப்படுமுன்பே வந்து சேர்ந்துவிட்டதாக இருமுறை தண்டிக்கப்பட்டவன். பொய் சொல்லத் தெரியாதவன் என்பது அவனிடம் உள்ள பெருங்குறை.

முதல்நாள் தாமன் சொன்னான்: “சாமி, குடை சுகம். குடை மூணு காதம் நடந்துச்சு. வழியில ரெண்டு ஊர்ல குடைக்கு ஆரத்தி எடுத்தாங்க.”

அரசருக்கு மிகுந்த மகிழ்ச்சி. குடை என்றால் அவர்தானே. “நம்ம நடை எப்படி?” என்று கேட்டார்.

“மெதுவா சாமி. கடைசி ஆளு கூட வர்ற மாதிரி.”

அது அவ்வளவு பிடிக்கவில்லை, பொறுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் தாமன் வந்து, வழி இரண்டாகப் பிரிந்த இடத்தில் குடை நின்றுவிட்டது என்றும், பிறகு வழி கேட்டது என்றும் சொன்னான்.

“குடை வழி கேட்டுச்சா? யார்கிட்ட?”

“மோர் விக்கிற அம்மாகிட்ட சாமி. ‘தாயி, எனக்கு இந்தப் பக்கம் தெரியாது, எது கள்ளிமேட்டுக்குப் போகும்’னு கேட்டாரு நொச்சியண்ணன். அது காட்டுச்சு. போறப்ப எல்லாருக்கும் மோரு வேற.”

அரசர் இளவரசராக இருந்த காலத்தில் ஒரு படையை நடத்திச் சென்றார். வழி கேட்பது இழுக்கு என்று ஒரே குன்றை நான்கு நாள் சுற்றினார். ஒரே ஊரில் நான்கு வேளை விருந்துண்டு, நான்கு ஊர்களும் ஒன்றைவிட ஒன்று அன்பானவை என்று நான்கு செப்பேடு வெட்டுவித்தார். அவை இன்னும் அந்த ஒரே ஊரில்தான் இருக்கின்றன. அந்த நினைவு இப்போது அவருக்கு எதற்கு வந்தது என்று தெரியவில்லை. அதைவிட, தாமன் வாயில் குடை என்ற சொல் போய் நொச்சியன் என்ற சொல் வந்துவிட்டதை அவர் கவனித்தார். நெஞ்சுக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே, சிறிதாக ஏதோ எரிந்தது. சுக்கு வெந்நீர் கேட்டார்.

“படை யாரைப் பாத்து வாழ்கன்னு சொல்லுது?”

“குடையைத்தான் சாமி.” தாமன் வேர்வையைத் துடைத்துக்கொண்டான். “ஆனா சொல்றப்ப யாரும் அண்ணாந்து பாக்கல. நேரா பாத்துத்தான் சொல்றாங்க.”

மூன்றாம் நாள் செய்திதான் மோசம். கொற்றக்குடையின் நிழல் அரசருக்கு மட்டும் உரியது. குடைக்காரரைத் தவிர வேறு எவரும் அதில் காலை வைத்தால் தலை கொய்யப்படும். ஆகவே படை, முந்நூறு பேர் படுத்துறங்கக்கூடிய வெற்று நிழலை நடுவில் விட்டு, அதைச் சுற்றிலும் கொதிக்கும் வெயிலில் நடந்து போயிற்று. அந்த வெயிலில் வேலின் முனைகள் உருகி வளைந்தன. உச்சிப்பொழுதில் கிழ வேல்வீரன் ஒருவன் சுருண்டு விழுந்தான். நொச்சியன் நின்றான். குடையை அவன் மேல் சாய்த்தான்.

“எல்லாரும் உள்ள வாங்க,” என்றானாம்.

“அண்ணே, இது அரசர் நிழலாச்சே! தலை போயிடும்,” என்றார்கள்.

“கேட்டா நான்தான் இழுத்து வெச்சேன்னு சொல்லுங்க. உங்க தலைக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப அரசரே இங்க இருந்தா என்ன செஞ்சிருப்பாரு, சொல்லுங்க பாப்போம்?”

ஆயிரம் பேரில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. நொச்சியன் குடையை இன்னும் சாய்த்து, “சரி, அதை நான் கேட்டிருக்கக் கூடாது. வாங்க, வாங்க,” என்றானாம்.

இதைக் கேட்ட அரசர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். “பதில் சொல்லலையா? ஒருத்தன் கூடவா?”

“இல்ல சாமி.”

“சும்மா நின்னாங்களா?”

“சிரிச்சாங்க சாமி.”

அன்று அரசர் விட்ட பெருமூச்சில் அடுக்களையில் உறைந்திருந்த நெய் உருகி ஓடியது. அவருக்குக் கோபம் நிழலைக் கொடுத்ததற்காக அல்ல. கொடுப்பது எவ்வளவு எளிது என்பதும், தமக்கு அது முப்பது ஆண்டில் ஒருமுறையும் தோன்றவில்லை என்பதும், தோன்றாததை நினைத்து வருந்தலாம் என்றால் அந்த வருத்தத்திலும் நொச்சியனே முந்திக்கொண்டு நிற்பதும்தான்.

ஐந்தாம் நாள் குடை கள்ளிமேட்டை அடைந்தது. பிற்பகல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கோட்டைக்கு மேற்கே இருந்த மேட்டில் ஏறிக் குடையை நிமிர்த்தியபோது, அதன் நிழல் சரிந்து கோட்டை முழுவதையும், அதற்கப்பால் இருந்த இரண்டு சிற்றூர்களையும் மூடிவிட்டது. கள்ளிமேட்டார் பொழுது போய்விட்டது என்று நினைத்தார்கள். கோழிகள் அடைந்தன. பெண்கள் விளக்கேற்றினார்கள். காவலர்கள் கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்கள். சிறிது நேரத்தில் கோட்டை முழுவதும் குறட்டை விடத் தொடங்கியது. அந்தக் குறட்டையில் தாழ் தானே கழன்று கதவு திறந்துகொண்டது.

படையினர் உள்ளே பாய்ந்து அனைவரையும் கட்டிவிடலாம் என்றார்கள். நொச்சியன் தலையசைத்தான்.

“தூங்குறவங்க மேல கை வெச்சுட்டு ஊருக்குப் போயி என்னன்னு சொல்லுவீங்க? போயி அந்த ஊர்த் தலைவரை எழுப்புங்க. பேசணும்.”

கள்ளிமேட்டுத் தலைவன் வேள் கணங்கொற்றன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கையில் அகல்விளக்கோடு வெளியே வந்தான். அவன் பின்னே ஊரே விளக்கோடு வந்தது. நொச்சியன் குடையை ஒரு பக்கம் சாய்த்தான். சுள்ளென்று நல்ல வெயில். பட்டப்பகலில் ஆளுக்கொரு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் ஊர் முழுவதும் நின்றது. கணங்கொற்றன் தன் விளக்கைப் பார்த்தான், மனைவியின் விளக்கைப் பார்த்தான், ஊதி அணைத்தான்.

“யோவ் குடைக்காரரே, இதை வெளியில சொல்லிடாதீங்கய்யா,” என்றான்.

“நாங்க சொல்லல. புல்லு ஆறு மாசம் உங்களுக்கு, ஆறு மாசம் எங்களுக்கு. சரியா?”

“சரி.”

போர் அவ்வளவுதான். உடன்படிக்கையைக் கல்லில் வெட்டும்போது வென்றவர் பெயரை எப்படி எழுதுவது என்று கணங்கொற்றன் கேட்டான். “எங்க அரசர் பேரை எழுதுங்க. குடை அவரோடது,” என்றான் நொச்சியன்.

இதைத் தாமன் சொல்லி முடித்தபோது அரசர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நொச்சியன் தன் பெயரை வெட்டச் சொல்லியிருந்தால் அவன் தலையைக் கொய்திருக்கலாம். கொய்வதற்கு நாடே ஒப்பியிருக்கும். ஆனால் கல்லில் இருந்தது சேந்தனார் பெயர், அதுவும் மிக அழகான எழுத்தில். கோபிக்க ஓர் ஓரம்கூட விடாமல் ஒருவன் நல்லவனாக இருந்தால் அவனை என்ன செய்வது?

படை திரும்பிய பிறகு அரசர் அவனை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். நொச்சியன் இருமினால் காவலன் ஒருவன் போய்த் தண்ணீர் கொண்டு வருகிறான். அரசர் இருமினால் அதே காவலன் அது ஆணையா இருமலா என்று விழித்துக்கொண்டு நிற்கிறான். நொச்சியன் ஒரு வீரனிடம் அவன் மகளின் காய்ச்சலைப் பற்றிக் கேட்கிறான். அரசரும் மறுநாள் அதே வீரனை அழைத்து அதே காய்ச்சலைப் பற்றிக் கேட்டார். அந்த வீரன் வீட்டுக்கு ஓடிப்போய், அரசருக்கே தெரிந்துவிட்டது, நோய் முற்றிவிட்டது போலும் என்று மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போய்விட்டான். மூன்று ஆண்டுகள் இப்படி வெந்துகொண்டிருந்தவரிடம்தான் தேவியாரின் இரண்டாம் ஏடு வந்தது.

ஒன்பதாம் நாள் அரசர் மந்திரியை அழைத்து, “அவன் என்ன பெருசா செஞ்சுட்டான்? குடை பிடிச்சான். அதை நானும் பிடிப்பேன். நாளைக்கு நான் பிடிக்கிறேன், அவன் உள்ள நடக்கட்டும். அப்ப தெரியும், பெருமை கைக்கா காம்புக்கான்னு,” என்றார். பிடிக்க முடிந்தால் குடையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு நொச்சியனை வெறுங்கையோடு அனுப்பிவிடுவது என்றும், அப்படி அனுப்பினால் தங்கள் நாட்டில் அவனை எவரும் மதிக்கமாட்டார்கள் என்றும் அவர் கணக்குப் போட்டிருந்தார். இதை மறைக்க வேண்டாம் என்று அவரே இப்போது பணித்துள்ளார்.

மறுநாள் கடைவீதியில் ஊர்வலம் புறப்பட்டது. அரசர் காம்பை ஏந்திப் பின்னே வந்தார். நொச்சியன் நிழலின் நடுவே, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கூனிக்கொண்டு நடந்தான்.

இருபது அடி அப்படி. எண்ணெய்க் கடை வந்தபோது கூன் நிமிர்ந்தது. துணிக்கடை வந்தபோது, “அரசே, கொஞ்சம் இடப்பக்கம் சாயுங்க, காதுல வெயில் படுது,” என்றான். பூக்கடையில் வெற்றிலை கேட்டான். குளக்கரையில், இந்தத் தெருவை ஏன் பெருக்கவில்லை என்று யாரையோ அதட்டினான். அந்தக் குரல் குளத்தின் மறுகரை வரை கேட்டது. கோயில் முகப்பை அடைந்தபோது இல்லாத மீசையின் வலப்பக்கத்தை முறுக்கிக்கொண்டிருந்தான்.

அரசரோ பின்னால் நின்று வாழ்நாளில் பார்க்காதவற்றைப் பார்த்தார். முன்னே நடப்பவனின் குதிகால் வெடிப்பைப் பார்த்தார். பிடரியில் வியர்வை எந்தப் பக்கம் முதலில் அரும்புகிறது என்று பார்த்தார். வழியில் கிடந்த கூர்ங்கல்லைப் பார்த்து, “பாத்து, கல்லு,” என்றார். சொன்ன பிறகு அவருக்கே வியப்பாக இருந்தது. ஒரு கல்லை அவர் இன்னொருவனுக்காகக் கண்டது அதுவே முதல்முறை.

தெருவின் இருபுறமும் மக்கள் ஆரவாரம் செய்தார்கள். அது நொச்சியனுக்கு என்று எண்ணிய அரசரின் நெஞ்சு திரும்பவும் எரிந்தது. பொறுக்க முடியாமல் ஒரு குயவர் வீட்டு அம்மாளிடம், “யாருக்கு இந்தக் கூச்சல்?” என்று கேட்டேவிட்டார்.

“வேற யாருக்கு, உனக்குத்தான் சாமி! அந்த ஆளு உள்ள நின்னு மிதப்பா வர்றாரு. பாவம், நீதானே வேர்க்க விறுவிறுக்கத் தூக்கிட்டு வர்ற. இந்தா, தண்ணி குடி.”

அரசர் குடித்தார். அந்தத் தண்ணீரின் சுவையைப் பற்றி அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

நொச்சியன் இதைக் கேட்டுத் திரும்பினான். அவன் முகத்தில் ஒரு நிறம் வந்தது. மூன்று ஆண்டுகளாகக் கண்ணாடியில் பார்த்துப் பழகியதால் அரசர் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அது பொறாமை, கலப்படம் இல்லாதது.

“குடுங்க அரசே, அது என் வேலை,” என்றான் நொச்சியன்.

“நீ நட. இன்னிக்கு நான்தான்.”

“எனக்கு உள்ள நிக்க என்னமோ மாதிரி இருக்கு. மனுசன் கெட்டுப் போற இடம் அது. குடுங்க!”

“அப்ப முப்பது வருசமா நான் அங்க நின்னேனே, அது உனக்குத் தெரியலையா?”

நொச்சியன் எட்டிக் காம்பைப் பிடித்தான். அரசரும் விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் குடை சுழன்று, ஊருக்குள் பகலும் இருளும் பதினாறு முறை மாறி மாறி வந்தன. கோழிகள் முட்டையிட்டு முட்டையிட்டுக் களைத்துப் போயின. அன்று முதல் குடையை யார் பிடிப்பது என்பதில் இருவருக்கும் நாள்தோறும் வழக்கு. நிழலில் நிற்க நாட்டில் ஆளில்லை.

ஆகவே தேவியாருக்கு எங்கள் வேந்தர் விடுக்கும் மறுமொழி பின்வருமாறு. முன்னர் தோள், மீசை, குரல் பற்றி உரைத்தவற்றை அடித்துவிட வேண்டும். தங்கள் மூவரையும் ஆளுக்கொரு நாள் குடையைப் பிடிக்கச் செய்து, மற்ற இருவரையும் உள்ளே நடக்கவிட வேண்டும். உள்ளே நிற்கும்போது மூவரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிடிக்கும்போது எவன் வெயிலைப் பார்த்துக்கொண்டே நடக்கிறானோ, வழி தெரியாதபோது நின்று கேட்கிறானோ, நிழலை எவர் மேலாவது சாய்த்துவிட்டுப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறானோ, அவனைத் தலைவனாக்குக. அவனை ஒருநாளும் நிழலுக்குள் நெடுநேரம் நிற்க விடவேண்டாம்.

நொச்சியனைத் தருவதற்கில்லை. அவனுக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளாது என்பது வெளியில் சொல்லும் காரணம். அவன் தங்களிடம் வந்து, தங்கள் அவையில் எவருக்கேனும் நன்மை செய்து, அந்தச் செய்தி தாமன் வாயாக இங்கு வந்து சேர்ந்தால் அதை நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும் வலிமை எங்கள் வேந்தருக்கு இனி இல்லை என்பது உள்ளபடியான காரணம். அவன் நல்லவனாக இருப்பதானால் எங்கள் கண்ணெதிரில் இருக்கட்டும்; போட்டிக்கு நாங்களும் இருக்கிறோம் என்று எழுதச் சொன்னார்.

குடையைத் தங்களுக்கே தருகிறோம். அது இங்கிருந்தால் இருவரும் இழுத்துக் கிழித்துவிடுவார்கள். இந்த வெண்பிறைத் திங்கள் முடிவதற்குள் தங்கள் ஆட்கள் வந்து பெற்றுச் செல்க. வேந்தர் வெயிலில் நடக்கப் பழகிக்கொள்வார்.

இவ்வாணை மேழி முத்திரை ஒற்றி, அரசர் கையெழுத்தும் குடைக்காரர் கைநாட்டும் பெற்று, அவையறிய அரக்கிடப்பட்டது. இதற்கு மாறு செய்வோர் தம் வாழ்நாள் முழுவதும் பிறர் பெருமையைக் கேட்டுக்கொண்டே இருக்கக் கடவர். கானற்றுறையின் அலைகளும் மேழிக்குன்றத்தின் மழையும் நிற்கும் வரை நம் நட்பு நிற்க.

பெற வருவோர் கவனத்துக்கு: தச்சர் நால்வரையும் உடன் அழைத்து வருக. அக்குடை மடங்காதது, குடைக்கொட்டிலுக்கு உள்ளேயே வைத்துத் தைக்கப்பட்டது, கொட்டிலின் வாசல் குடையில் பாதி அகலம்கூட இல்லை, ஆகையால் செய்து முடித்த நாள் முதல் இன்றளவும் அது ஒருமுறையும் கொட்டிலை விட்டு வெளியே வந்ததில்லை.